பாட்டு கிளாஸ் போனா மூளை வளருமா? குழந்தைகளும் இசையும்... ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

போன மாதம் திருச்சியில் இருக்கும் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அவர்கள் அப்பார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ். 'கீபோர்டு, வயலின், வாய்ப்பாட்டு வகுப்புகள். 4 வயது முதல். உங்கள் குழந்தையின் ஐ.க்யூ உயரும், கணக்கு நன்றாக வரும், ஞாபகசக்தி பெருகும்!' கூடவே ஒரு வாய்ஸ் நோட். "ஏய், நீதான் பத்திரிகைல இருக்கியே... இதெல்லாம் நெஜமா? பாப்பாவுக்கு அஞ்சு வயசாச்சு. இப்பவே சேர்க்கலைன்னா லேட் ஆயிடும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாங்க."

'ஆமாக்கா, சேர்த்துவிடு' என்று டைப் செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். காரணம், நானும் இப்படி ஒரு கிளாஸுக்கு அனுப்பப்பட்டவள்தான். எட்டு வயதில், 'மூளைக்கு நல்லது' என்று சொல்லிக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்தும் கணக்கில் மார்க் ஏறவில்லை. அதனால் கிளாஸை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பிடித்திருந்தது. கீபோர்டு இன்னும் பரண்மேல் இருக்கிறது.

அதனால் இந்த முறை கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன்.

எல்லாம் ஆரம்பித்தது மொஸார்ட்டில்!

'இசை கேட்டால் புத்தி வளரும்' என்ற நம்பிக்கைக்கு ஒரு பிறந்த வருடம் உண்டு. 1993. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இர்வின் வளாகம். ஃபிரான்ஸஸ் ரௌஷர், கார்டன் ஷா, கேத்ரின் கை ஆகிய மூவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சின்ன ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார்கள். 36 கல்லூரி மாணவர்கள். மொஸார்ட்டின் இரண்டு பியானோக்களுக்கான சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்க வைத்துவிட்டு, ஒரு டெஸ்ட் வைத்தார்கள். காகிதத்தை மடித்து வெட்டினால், பிரித்துப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று மனதுக்குள் யோசித்துச் சொல்லும் வகை டெஸ்ட். அமைதியாக உட்கார்ந்திருந்தபோதும், ரிலாக்ஸ் ஆவதற்கான டேப்பைக் கேட்டபோதும் எடுத்ததைவிட மொஸார்ட் கேட்ட பிறகு ஸ்கோர் அதிகம். ஐ.க்யூ கணக்கில் சொன்னால் எட்டு, ஒன்பது புள்ளி வரை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். டெஸ்ட் எழுதியவர்கள் காலேஜ் பசங்க, குழந்தைகள் கிடையாது. கூடியது ஒரே ஒரு வகைத் திறன். அதுவும் பத்து, பதினைந்து நிமிடத்தில் காணாமல் போய்விட்டது. இதை எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள்.

ஆனால் செய்தியாகப் பரவியபோது இந்த மூன்றுமே காற்றில் போய்விட்டன. 'மொஸார்ட் எஃபெக்ட்' என்று பெயர் வந்தது. 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிளாசிக்கல் மியூசிக் கொடுக்க பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். சட்டமன்றத்திலேயே பீத்தோவன் இசையைப் போட்டுக் காட்டினார்! 'பேபி ஐன்ஸ்டீன்' வீடியோக்கள் வந்தன. 2001-ல் அந்த கம்பெனியை டிஸ்னி வாங்கியது. எதிர்ப்பு கிளம்பி, 2009-ல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் நிலைமைக்கு வந்தது. நம் ஊரிலும் கர்ப்பிணிகள் வயிற்றில் ஹெட்போன் வைத்த காலம் ஒன்று உண்டே... அதுவும் இதே அலைதான்.

பிறகு விஞ்ஞானிகள் திரும்பச் செய்து பார்த்தார்கள். கனடாவில் க்ளென் ஷெல்லன்பெர்க் குழு 1999-ல் செய்தது சுவாரஸ்யமானது. ஒரு பக்கம் மொஸார்ட், இன்னொரு பக்கம் ஸ்டீபன் கிங் எழுதிய ஒரு கதையின் ஒலிப்பதிவு. இசை பிடித்தவர்கள் இசை கேட்ட பிறகு நன்றாகச் செய்தார்கள். கதை பிடித்தவர்கள் கதை கேட்ட பிறகு நன்றாகச் செய்தார்கள். அதாவது, பிடித்ததைக் கேட்டால் மூட் நன்றாக இருக்கும், மூட் நன்றாக இருந்தால் டெஸ்ட்டும் கொஞ்சம் நன்றாக வரும். பரீட்சைக்கு முன்னாடி நல்ல ஃபில்டர் காபி குடித்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2010-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 40 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மொஸார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் தென்படவில்லை. மொஸார்ட்டின் சொந்த ஊர் ஆஸ்திரியா. அந்த நாட்டுக்காரர்களே சொல்லிவிட்டார்கள்!

கேட்பது வேறு, கற்பது வேறு

சரி, சும்மா கேட்டால் ஒன்றும் ஆகாது. வாரா வாரம் கிளாஸுக்குப் போய்க் கற்றுக்கொண்டால்? நோட்டீஸ் விற்பது அதைத்தானே.

இங்கே முதலில் ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். மியூசிக் கிளாஸ் போகும் குழந்தைகள் சராசரியாக மார்க்கும் நன்றாக வாங்குகிறார்கள் என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட உண்மை. ஆனால் யார் குழந்தையை மியூசிக் கிளாஸுக்கு அனுப்புகிறார்கள்? படித்த, கையில் கொஞ்சம் காசு இருக்கிற, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிற வீடுகள். அந்த வீட்டுக் குழந்தை கிளாஸ் போகாவிட்டாலும் மார்க் வாங்கியிருக்கலாம். அப்படியென்றால் மார்க் வந்தது இசையாலா, வீட்டாலா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, குலுக்கல் மாதிரி குழந்தைகளைப் பிரிப்பது. அதைத்தான் அதே ஷெல்லன்பெர்க் செய்தார். 2004-ல் வெளியான ஆய்வு. டொரான்டோ பகுதியைச் சேர்ந்த ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர். நான்கு குழுக்கள். ஒன்றுக்கு கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம். நான்காவது குழுவுக்கு அந்த வருடம் ஒன்றும் இல்லை. 36 வாரம். முன்னும் பின்னும் முழு ஐ.க்யூ டெஸ்ட்.

ரிசல்ட்? நான்கு குழுவிலும் ஐ.க்யூ ஏறியிருந்தது! ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாலே ஏறும் என்பதால் அது ஆச்சர்யமில்லை. இசைக் குழந்தைகளுக்கு சுமார் 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3 புள்ளி. ஆக, இசையின் பங்கு மூன்று புள்ளிகூட இல்லை. இருந்தாலும் இருக்கிறது. நாடகக் குழந்தைகளுக்கு ஐ.க்யூ கூடுதலாக ஏறவில்லை, ஆனால் மற்றவர்களோடு பழகும் விதம் மேம்பட்டிருந்தது. (இதை எந்த நோட்டீஸும் போடாது. 'நாடகம் கற்றுக்கொண்டால் குழந்தை நன்றாகப் பழகும்' என்று விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா?)

இன்றுவரை மியூசிக் ஸ்கூல்கள் தூக்கிப் பிடிக்கும் ஆய்வு இதுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்தவை அவ்வளவு இனிப்பாக இல்லை. 2013-ல் ஹார்வர்டில் சாமுவேல் மேர், எலிசபெத் ஸ்பெல்கி குழுவினர் நான்கு வயதுக் குழந்தைகளை வைத்து இரண்டு சுற்று செய்தார்கள். பெற்றோரோடு சேர்ந்து ஆறு வாரம் இசை வகுப்பு. ஒப்பிட, முதல் சுற்றில் ஓவிய வகுப்புக் குழந்தைகள், இரண்டாவதில் எந்த வகுப்புக்கும் போகாதவர்கள். உருப்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. ஆறு வாரம் ரொம்பக் குறைவு என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம். இங்கிலாந்தில் 19 ஆரம்பப் பள்ளிகளில் 909 குழந்தைகளை வைத்து 2015-ல் முடிந்த ஆய்வில் கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு முழுக்க வகுப்பு நடந்தது. பாட்டோ வயலின், செல்லோவோ கற்றவர்கள், நாடகம் கற்றவர்களைவிடக் கணக்கிலும் வாசிப்பிலும் முந்தவில்லை.

2020-ல் ஜியோவானி சாலா, பெர்னாண்ட் கோபே இருவரும் 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 குழந்தைகளின் தரவுகளை ஒன்றாகக் கொட்டிப் பார்த்தார்கள். ஒழுங்காகத் திட்டமிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால், அறிவுத்திறனிலும் பள்ளிப் படிப்பிலும் இசையின் தாக்கம் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்றார்கள். பிரான்ஸைச் சேர்ந்த பிகாண்ட், டில்மன் 2022-ல் அதே தரவுகளைத் திரும்ப அலசி, 'இல்லை, சின்ன அளவில் நல்ல பலன் இருக்கிறது' என்று பதில் சொன்னார்கள். சண்டை முடியவில்லை. ஆனால் சண்டையே 'சின்னதா, பூஜ்ஜியமா' என்பதில்தான். 'பெரிய பலன்' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நோட்டீஸில் மட்டும்தான் இருக்கிறது.

அப்போ ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. கணக்கு மார்க்கில் தேடியதால் கண்ணில் படவில்லை. காதில் தேட வேண்டும்.

குழந்தை தாளத்தோடுதான் பிறக்கிறது. கவித்துவமாகச் சொல்லவில்லை. 2009-ல் ஹங்கேரியில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளைத் தூங்க விட்டு, ஒரு டிரம் தாளத்தை ஓடவிட்டார்கள். நடுவில் சில முறை, முக்கியமான அடியை மட்டும் விட்டுவிட்டார்கள். தலையில் ஒட்டியிருந்த இ.இ.ஜி சென்சாரில், அந்த அடி விழாத இடத்தில் மூளை 'என்னாச்சு?' என்று துள்ளியது. தூக்கத்திலேயே!

இந்தக் காதுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு நல்ல ஆய்வுகள் உண்டு. முதலாவது 'ஹார்மனி ப்ராஜெக்ட்'. ரவுடி கும்பல்களின் தொல்லை அதிகமுள்ள ஏழைப் பகுதிக் குழந்தைகளுக்கு இலவசமாக இசை சொல்லித்தரும் அமைப்பு. அங்கே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நினா க்ராஸ் குழுவினர் 44 குழந்தைகளின் மூளை, பேச்சொலிகளை எப்படிப் பிரித்தறிகிறது என்று பார்த்தார்கள். 'பா', 'கா' மாதிரியான ஒலிகள். இவற்றுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு வருடம் இசை கற்ற குழந்தைகளின் மூளை அந்த வித்தியாசத்தை இன்னும் தெளிவாகப் பிடித்தது. ஒரு வருடம் கற்றவர்களிடம் மாற்றம் இல்லை. 2014-ல் வந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்ததே அந்த 'ஒரு வருடத்தில் ஒன்றும் இல்லை' என்ற வரிதான். சம்மர் கேம்ப் பேக்கேஜ் வாங்கும் முன் யோசிக்க வேண்டிய வரி.

இரண்டாவது, வெனிசுவேலாவில் 1975-ல் ஹோசே அன்டோனியோ அப்ரூ தொடங்கிய 'எல் சிஸ்டெமா' இசைக்கல்வியின் வழியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக் நடத்தும் சிறுவர் ஆர்க்கெஸ்ட்ரா. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அசல் ஹபீபி குழு 2012-லிருந்து இந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. புத்திசாலித்தனமாக, அதே மாதிரிக் குடும்பங்களிலிருந்து கால்பந்து பயிலும் குழந்தைகளையும், எதிலும் சேராத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஆறேழு வயதில் ஆரம்பித்து இரண்டு வருடத்தில், ஒலியைக் கையாளும் மூளைப்பகுதி இசைக் குழந்தைகளுக்கு வேகமாக முதிர்ந்திருந்தது.

ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் என்ன லாபம்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். 'கல்', 'கால்' இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை. சுத்தமாக நேரக் கணக்கு. தமிழில் குறில், நெடில் என்று நாம் சொல்லிக்கொடுப்பதே ஒரு தாளப் பாடம்தான். 'பள்ளி', 'பல்லி' வித்தியாசமும் காது பிடித்தால்தான் கை எழுதும். சொல்லைச் சத்தம் சத்தமாக உடைத்துக் கேட்கும் இந்தத் திறன் வாசிப்புக்கு அஸ்திவாரம் என்பது பல மொழிகளில் உறுதியான விஷயம். ஜெர்மனியில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளி சேரும் முன்னான ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு 20 வாரம், தினமும் வெறும் பத்து நிமிடம் இசைப்பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு நேரடியாக ஒலி பிரிக்கும் பயிற்சி, மூன்றாவதுக்கு விளையாட்டு. முதல் இரண்டும் சமமாக முன்னேறின. விளையாட்டுக் குழு முன்னேறவில்லை. 41 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் வந்த பலன் இசைக்குப் பக்கத்து வீட்டுத் திறனில் வந்திருக்கிறது என்பதைக் கவனிக்கலாம். தூரத்து உறவான கணக்கில் அல்ல.

விரல்களிலும் இதே கதை. 2009-ல் க்ரிஸ்டா ஹைட் குழு, ஆறு வயதுக் குழந்தைகளை 15 மாதம் கீபோர்டு கற்க வைத்து முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தது. கை அசைவுக்கும் கேட்டலுக்கும் உரிய பகுதிகளில் வடிவமே மாறியிருந்தது. விரல் வேகமும் ராகம், தாளம் பிரிக்கும் திறனும் கூடியிருந்தன. மற்ற அறிவுத்திறன் டெஸ்ட்களில் வித்தியாசம் இல்லை. மூளை எதைச் செய்ததோ, அதில் தேறியது.

தொடை தட்டும் கணக்கு

கர்னாடக சங்கீத வகுப்பில் உட்கார்ந்த யாருக்கும் சரளி வரிசை தெரிந்திருக்கும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடமுறை, மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம். வெளியிலிருந்து பார்க்க 'சரிகமபதநிச' என்று போரடிக்கும். உள்ளே என்ன நடக்கிறது பாருங்கள். வாய் ஸ்வரம் பாடுகிறது. கை ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு என்று எட்டு எண்ணுகிறது. முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வாய் நான்கு மடங்கு ஓடும், கை மட்டும் அதே நிதானத்தில் இருக்க வேண்டும். வாயோடு சேர்ந்து கையும் ஓடப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தைக்கு இது லேசான வேலை இல்லை. ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது, அவசரத்தை அடக்குவது, தவறினால் திரும்ப ஆரம்பிப்பது... இதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் நடக்கிறது. இது கணக்குப் பாடத்துக்குத் தாவும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மேலே சொன்ன ஆய்வுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் வீணில்லை என்று சொல்வேன்.

சேர்ந்து பாடினால் இன்னொன்றும் நடக்கிறது. ஜெர்மனியின் லெய்ப்ஸிக்கில், 2010-ல் வெளியான ஆய்வு. நான்கு வயதுக் குழந்தைகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, சில ஜோடிகளைப் பாடி ஆடி விளையாட விட்டார்கள், மற்ற ஜோடிகளைப் பாட்டில்லாமல் அதே விளையாட்டை விளையாட விட்டார்கள். பிறகு ஒரு குழந்தையின் கோலிகள் 'தற்செயலாக' கொட்டிப்போகும்படி ஏற்பாடு. சேர்ந்து பாடிய குழந்தைகள்தான் ஓடிவந்து அதிகம் உதவினார்கள். கனடாவில் 14 மாதக் குழந்தைகளிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். இசைக்கு ஏற்றபடி, எதிரில் இருப்பவரோடு ஒரே நேரத்தில் குதிக்கவிட்டால், அவர் கீழே போட்ட பொருளை எடுத்துக் கொடுக்கிறது குழந்தை!

எப்போ சேர்க்கலாம், எங்கே சேர்க்கலாம்?

'இப்போ சேர்க்கலைன்னா லேட்' என்ற மிரட்டலில் பாதி உண்மை. ஏழு வயதுக்கு முன் ஆரம்பித்த இசைக்கலைஞர்களின் மூளையில், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டின் முன்பகுதி பெரிதாக இருந்ததை 1995-லேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பல வருடம் தினமும் மணிக்கணக்கில் வாசித்த தொழில்முறைக் கலைஞர்கள். எட்டு வயதில் ஆரம்பிக்கும் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எந்தக் கதவும் மூடிவிடாது.

ஐந்து வயதுக்குள் தனியாக ஒரு வாத்தியத்தின் முன் உட்கார வைப்பதைவிட, கூட்டமாகப் பாடுவது, தட்டுவது, ஆடுவது நன்றாக வேலை செய்யும் என்பது என் கருத்து. ஒரு வயதுக்கும் கீழ் என்றால் உங்கள் மடியே போதும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்பது மாதக் குழந்தைகளை, பெற்றோர் மடியில் வைத்து மூன்றடித் தாளத்துக்குத் தட்டி ஆட்டி, ஒரு மாதத்தில் 12 முறை, முறைக்கு 15 நிமிடம் விளையாட்டுக் காட்டினார்கள். பொம்மைகளோடு மட்டும் விளையாடிய குழந்தைகளைவிட, இசையிலும் பேச்சிலும் தாளம் தப்புவதை அவர்கள் மூளை நன்றாகக் கண்டுபிடித்தது. தாலாட்டும் 'சாய்ந்தாடம்மா'வும் பாட்டிகள் இலவசமாகக் கொடுத்ததுதான். யூடியூப் ரைம்ஸ் அதற்கு மாற்றாகாது. இரண்டு வயதுவரை வீடியோ கால் தவிர ஸ்க்ரீனே வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்.

கிளாஸ் ஃபீஸ் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மாவட்டங்களில் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இயங்குகின்றன. 5 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் போன்றவற்றை விடுமுறை நாட்களில் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டத் தெரியாததால் பலருக்குத் தெரிவதில்லை.

சேர்க்கும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். குழந்தை பாடும் நேரம் அதிகமா, டீச்சர் பேசும் நேரம் அதிகமா என்று பாருங்கள். மூன்று மாதத்தில் கிரேடு பரீட்சை என்று ஆரம்பித்தால் நான் திரும்பி வந்துவிடுவேன். வீட்டில் தினமும் பத்து நிமிடம் கூட உட்கார உங்களால் முடியுமா என்பதையும் நேர்மையாக யோசியுங்கள். முடியாது என்றால் அதிலும் தப்பில்லை. அந்தப் பணத்தில் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் அக்காவுக்குச் சுருக்கி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "இவ்ளோ படிச்சிட்டு என்னடி சொல்ற... ஃபீஸ் கட்டவா, வேணாமா?"

"பாப்பா என்ன சொல்றா?"

அந்தப் பக்கம் அமைதி. பிறகு போனைப் பாப்பாவிடம் கொடுத்தாள். "சித்தி, எனக்கு கீபோர்டு வேணாம். கோயில்ல ஒரு மாமா டொம் டொம்முனு வாசிச்சார்ல, அது வேணும்."

தவில்! நோட்டீஸில் அது இல்லை. திருச்சியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தவில் சொல்லித் தருபவர் யாரென்று இப்போது அக்கா விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.